வீட்டுக் கிணற்றில் பம்பு அமைக்கும் இடம்

வீட்டுக் கிணற்றுக்குப் பம்பு வாங்கக் கடன் கோரும் அங்கத்தினர், மோட்டாரின் விலையையும் குதிரைச் சக்தியையும் விவரமாக எழுதுகின்றனர். பம்பை எங்கே வைப்பது என்பதை எழுதுவோர் சிலரே. ஐப்பசியில் நன்கு இறைத்த பம்பு சித்திரையில் ஓய்ந்துவிடுமாயின், இடத்தேர்வையே முதலில் ஆராய்தல் வேண்டும். நீர் நின்றாலும் கடன் தவணை நிற்பதில்லை.

பம்பு நீரை இழுப்பதாகச் சொல்லுகிறோம். உண்மையில் அது குழாயினுள் அழுத்தத்தைக் குறைக்கிறது. வெளிக்காற்றின் அழுத்தமே நீரை மேலேற்றுகிறது. காற்றின் இவ்வழுத்தத்தை இத்தாலியரான டாரிசெல்லி 17ஆம் நூற்றாண்டில் பாதரசத்தைக் கொண்டு விளக்கினார். கடல் மட்டத்தில் அது தாங்கும் நீரின் உயரம் சுமார் 34 அடி. சுமார் 900 அடி உயரத்திலுள்ள சேலத்தில் இன்னும் ஓர் அடி குறையும். குழாயின் உராய்வு முதலியவற்றையும் கழித்தால், 20 முதல் 25 அடி வரையே நம்பத்தக்கது. மோட்டாரின் சக்தியைக் கூட்டினாலும் இவ்வெல்லை விரியாது. நீரை மேலே தள்ளுவதற்கோ இத்தடை இல்லை. ஆகவே பம்பு நீருக்கு அண்மையில் இருத்தல் வேண்டும். வீட்டுக்கு அண்மையில் இருப்பது இரண்டாவதே.

பரமத்தி வேலூர்ப் பக்கத்துக் காவிரிக் கால்வாய்ப் பாசன நிலங்களில் நீர் மேலாகக் கிடைப்பதுண்டு. ராசிபுரம், திருச்செங்கோடு மேட்டு நிலங்களிலோ அடியில் கடும்பாறை. அதன் வெடிப்புகளிலேயே ஊற்று. அத்தகைய கிணற்றில் நீர்மட்டம் பருவத்துக்குப் பருவம் வெகுவாக மாறும்.

ஓர் உதாரணம் கொள்வோம். மழைக்காலத்தில் 22 அடியிலும் கோடையில் 40 அடியிலும் நீர் நிற்கும் கிணற்றில், தரைமேல் வைத்த பம்பு கோடையில் பயன்படாது. 20 அடி ஆழத்தில் திட்டு அமைத்து வைத்தால் இரு பருவத்திலும் இறைக்கும். ஆனால் மழைக்காலத்து நீர் 12 அடிக்கு ஏறுமாயின், அதே திட்டில் மோட்டார் மூழ்கிப் பழுதாகும். அத்தகைய கிணற்றுக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் நீர்மூழ்கிப் பம்பே ஏற்றது.

மேலும் கவனிக்க வேண்டியவை:

1. கல் கட்டிய கயிற்றால் சித்திரையிலும் கார்த்திகையிலும் நீர்மட்டத்தை அளந்து குறித்துக்கொள்க. கோடையில், இறைத்து முடித்தவுடன் அளப்பதே சரியான கணக்கு.

2. உறிஞ்சு குழாய் குறுகிய நீளமும் குறைந்த வளைவும் உடையதாய், பம்பை நோக்கிச் சீராக ஏறிச் செல்லுதல் வேண்டும்.

3. புட் வால்வு சேற்றில் படியாதிருக்கட்டும். கோடை நீரிலும் நன்கு மூழ்கியிருக்கட்டும்.

4. மோட்டாருக்கு நில இணைப்பு இன்றியமையாதது. மின்சாரத்தை நிறுத்தாமல் எவரும் திட்டில் இறங்கலாகாது.

கடன் மனுவுடன் இவ்விரு பருவ அளவுகளையும் எழுதிக் கொணர்க. கயிறும் கல்லும் செலவில்லாதவை. தவறிய இடத்தில் வைத்த பம்போ, நீர் மிகவும் வேண்டிய மாதத்தில் இல்லத்தாரை மீண்டும் குடத்துடன் அனுப்பிவிடும்.