துத்தநாக மாத்திரை சாப்பிடுகிறீர்களா? செம்பையும் மறக்காதீர்கள்!

சளி பிடித்தாலும் முடி கொட்டினாலும் ஜிங்க் எனப்படும் துத்தநாக மாத்திரை வாங்கி விழுங்குகிறோம். அதற்கு முன் சில விஷயங்கள்:

● அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். 'ஜிங்க் சல்பேட் 220 மி.கி.' என்றிருந்தால், அதில் உள்ள துத்தநாகம் சுமார் 50 மி.கி. தான். ஆனால் அதுவே அதிகம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு உச்ச அளவு 40 மி.கி.

● துத்தநாகம் அளவுக்கு மீறினால், குடல் செம்பை உறிஞ்சுவது குறைந்துவிடும். மாதக்கணக்கில் இது நீடித்தால் ரத்தசோகை, வெள்ளணுக்குறைவு, பாதங்களில் மரத்துப்போதல், நடையில் தடுமாற்றம் வரலாம். ஆகவே டாக்டர் சொன்ன நாட்களுக்கு மட்டும் சாப்பிடுங்கள்.

● வெறும் வயிற்றில் குமட்டினால் சாப்பாட்டோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

● சிப்ரோஃப்ளாக்சசின், டாக்ஸிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் சாப்பிடுபவர்கள், அதற்கு 2 மணி நேரம் கழித்தே ஜிங்க் போட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இடைவெளி விடுங்கள்.

● செம்பின் தேவை பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1 மி.கி.க்கும் குறைவு. எள்ளுருண்டை, முந்திரி, ஈரல் இவற்றிலேயே கிடைத்துவிடும். உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோய் உள்ளவர்கள் செம்பு மாத்திரையைத் தொடவே கூடாது.

● கொண்டைக்கடலை, பயறு வகைகளை ஊறவைத்து முளைகட்டிச் சமைத்தால் அவற்றிலுள்ள துத்தநாகம் உடலில் நன்றாகச் சேரும்.

● குழந்தைக்கு வயிற்றுப்போக்கா? ஓ.ஆர்.எஸ். கரைசலோடு டாக்டர் தரும் ஜிங்க்கை, பேதி நின்ற பிறகும் சொன்ன நாள் வரை முழுமையாகக் கொடுங்கள்.