கைப்பணம் சுருங்கும் காலத்தில்



ரப்பர் தோட்டத்தில் சம்பளம் குறைவுதான். ஆயினும் லயத்து வீடு, ஆயாக் கொட்டகை, தமிழ்ப்பள்ளி, கோயில் யாவும் நடந்து போகும் தூரத்தில் இருந்தன. அவசரம் என்றால் கிராணியிடம் ஓடலாம். தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிய பின் ஈப்போவில் குடியேறிய நம்மவர்களுக்கு, உதவி பல முகப்பிடங்களில் சிதறிக் கிடக்கிறது. அதில் பெரும்பகுதி தருமமன்று. நாமே செலுத்திய பணம்.

1950-களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டுப் பாட்டாளிகள் வேலையும் வீடும் இழந்து நின்றபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். மாதம் பத்து வெள்ளியாகச் சேர்ந்த பங்குப் பணத்தில் மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. தாத்தா பாட்டி பெயரில் பழைய பங்குச் சான்று பெட்டியில் கிடந்தால், சங்கத்தில் விசாரித்துப் பாருங்கள்.

1971-இல் தொடங்கிய சொக்சோவும் அத்தகையதே. வேலையிடத்து விபத்துக்கு மட்டுமே பணம் கிடைக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. சந்தாதாரர் 60 வயதுக்குள் எக்காரணத்தால் இறந்தாலும், சந்தா நிபந்தனைகள் நிறைவேறியிருந்தால், மனைவி மக்களுக்கு மாத ஓய்வூதியம் உண்டு. இதைக் கேளாமல் வட்டிக்காரனிடம் கையேந்தும் குடும்பத்தை என்னென்பது! ஊழியர் சேமநிதியில் வாரிசு நியமனம் செய்தாயிற்றா என்பதையும் இன்றே பாருங்கள்.

ஆனால் முகப்பிடத்தில் முதலில் கேட்பது திருமணச் சான்றிதழை. 1982 மார்ச் முதல் தேதி தொட்டு, முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்களைப் பதிவு செய்வது சட்டப்படி கட்டாயம். சந்நிதியில் தாலி கட்டி, ஊர் கூட்டி விருந்தும் வைத்துவிட்டு, பதிவை மட்டும் “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று விட்டவர்கள் நம்மில் உண்டு. கணவர் மறைந்த பின் அந்தப் பெண், தான் மனைவிதான் என்று நிரூபிக்க இலாகா இலாகாவாக அலைகிறாள். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்திலும் சிக்கல். பதிவுக்கு ஏற்பாடு செய்யாத திருமணத்திற்கு மண்டபம் இல்லை என்று ஆலய நிர்வாகங்கள் விதி வைத்தால், அது அன்னதானத்திற்கு நிகரான தருமம் என்பேன்.

மற்றவை பலரும் அறிந்தவையே. சமூக நல இலாகா முதியோருக்கும், உடற்குறையுள்ளோருக்கும், பிள்ளைகளை வளர்க்கும் ஏழைக் குடும்பங்களுக்கும் மாத உதவி தருகிறது. பள்ளியில் ஏழை மாணவர்க்குக் கூடுதல் உணவுத் திட்டம் இருக்கிறது. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிக்கு வைத்தியம். எல்லாவற்றிற்கும் அடையாள அட்டை வேண்டும். அது இல்லாதவருக்குத் தேசியப் பதிவிலாகாவே முதல் படி.

உபயகாரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாரம் நிரப்பத் தெரிந்த ஒருவரை வெள்ளிக்கிழமை பூசைக்குப் பின் மண்டபத்தில் அமர்த்துங்கள். நகல் எடுக்கவும், முகப்பிடம் வரை உடன் சென்று வரப் பஸ் கட்டணத்துக்கும் சிறு தொகை ஒதுக்குங்கள். ஒரு நாள் உபயச் செலவுகூட ஆகாது. அந்த மேசை மட்டும் எல்லோர் கண்ணிலும் படாத ஓரமாக இருக்கட்டும். கேட்க வரும் தாய்க்குக் கூச்சம் இருக்கும்.