வேருக்கு இட்ட உரம் ஓடைக்குப் போகலாமா?

உரம் பயிருக்கு உணவு. ஆயினும், வேர் உண்ணாத உரம் மறைந்துவிடுவதில்லை. நீரோடு சென்று வேறிடத்தில் தன் வேலையைக் காட்டுகிறது. பாஸ்பரஸ் எனப்படும் மணிச்சத்து அவ்வாறு செல்வதால் விளையும் கேட்டினை இங்கு ஆராய்வோம்.

கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையிலுள்ள லெமிங்டன் வட்டாரம் கண்ணாடி வீட்டுப் பயிர்களுக்குப் பெயர் பெற்றது. அங்குத் தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய் ஆகியவை தென்னைநார்த்தூள் போன்றவை நிரப்பிய பைகளில் வளர்கின்றன. உரம் கரைத்த நீர் சொட்டுச் சொட்டாக ஊட்டப்படுகிறது. பையில் உப்பு தேங்காதிருக்கும் பொருட்டுச் சற்று மிகுதியாகவே நீர் விடுவர். மிகுந்த நீர் அடியில் வடியும். அதனை வெளியே விட்டால் ஓடை வழியே ஏரியைச் சேரும்.

ஏரியில் மணிச்சத்து பெருகினால் பாசி பெருகும். நீலப்பச்சைப் பாசியில் சில வகை நஞ்சுடையவை. 2014 ஆகஸ்டு மாதத்தில், ஈரி ஏரி நீரை அருந்தும் அமெரிக்க நகரமான டொலிடோவில், நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் குழாய் நீரைக் குடிக்கக் கூடாதென எச்சரிக்கப்பட்டனர். காய்ச்சினாலும் அந்நஞ்சு நீங்காது. நீர் வற்ற வற்றச் செறிவே மிகும். ஏரியைச் சேரும் மணிச்சத்தில் பெரும்பங்கு திறந்த வயல்களிலிருந்து வருவது. கண்ணாடி வீடுகளுக்கும் அதில் பங்குண்டு. ஏரியின் மேற்கு, நடுப்பகுதிகளுக்கு வரும் மணிச்சத்தை 2008ஆம் ஆண்டின் அளவிலிருந்து 40 விழுக்காடு குறைப்பதென 2016இல் இரு நாடுகளும் இலக்கு வகுத்தன.

இதற்கு வழி உண்டு. வடியும் நீரைத் தொட்டியில் சேர்த்து, நோய்க்கிருமிகளை நீக்கி, குறைந்துள்ள சத்தை மட்டும் கூட்டி, மீண்டும் பயிருக்கே விடலாம். ஏரியும் காக்கப்படும், உரச்செலவும் குறையும்.

நம் நாற்றுமேடைகளிலும் பால்மரக் கன்றுகள் பைகளில்தாமே வளர்கின்றன! மலைச்சரிவில் இடும் மணிச்சத்து மண்ணைப் பற்றிக்கொள்ளும். மண் அரித்தால் அதனோடு ஓடும். ஆகவே நாம் செய்யத்தக்கவை:

1. பையின் அடியில் வழியும்வரை நீர் ஊற்றாமல், மண் நனையும் அளவே ஊற்றுதல்.

2. உரத்தை அளந்து, சிறிது சிறிதாகப் பலமுறை இடுதல்.

3. பெருமழை வரும் அறிகுறி தோன்றினால் அன்று உரமிடாதிருத்தல்.

4. சரிவில் மூடுபயிர்க் கொடிகளை அழியாது காத்தல்.

5. உர வாளிகளை ஓடையில் கழுவாமல், கழுவிய நீரைக் கன்றுகளுக்கே ஊற்றுதல்.

வீட்டுக் காய்கறித் தோட்டத்திற்கும் இவை பொருந்தும். ஓடை நமக்கு மட்டும் உரியதன்று. கீழே வாழ்வோரும் அந்நீரை நம்பியிருக்கின்றனர். உரத்தை வேரிலேயே நிறுத்துவோம். நீரைத் தூய்மையாகக் காப்போம்.