தூரை விட்டுவிட்டுக் கிளையை வெட்டுகிறோம்

அடையாறில் மரம் அடர்ந்த தனியார் வளாகம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பிரம்மஞான சபை. 1882 டிசம்பரில் அதன் நிறுவனர்களான ஆல்காட்டும் பிளாவட்ஸ்கியும் ஹட்டில்ஸ்டன் தோட்டத்தில் குடியேறினார்கள். பிறகு பக்கத்துத் தோட்டங்களும் சேர்ந்து, ஆற்று முகத்துவாரத்தை ஒட்டி சுமார் 260 ஏக்கராக அது விரிந்தது. அதைச் சுற்றிப் பழைய பங்களாத் தோட்டங்கள், பள்ளி வளாகங்கள், வாரிசு வழக்கில் பூட்டிக் கிடக்கும் மனைகள் என்று மரம் மிச்சமிருக்கும் இடங்கள் இன்னும் உண்டு. இப்படிப்பட்ட இடங்களில் சீமைக் கருவேலமும் சவுண்டலும் உண்ணிச்செடியும் புகுந்தால் எப்படி விரட்டுவது என்று கேட்டால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அவற்றில் சில, களையை விட அதிக சேதம் செய்பவை.

"வெளிநாட்டு மரம் எல்லாவற்றையும் வெட்டிவிட வேண்டும்" என்பது அவற்றில் ஒன்று. பிரம்மஞான சபைத் தோட்டத்தில் ஆப்பிரிக்கப் பெருக்க மரம் நிற்கிறது, அமெரிக்க மகோகனி நிற்கிறது. நம் தெருக்களின் தூங்குமூஞ்சி மரமே தென்னமெரிக்காவிலிருந்து வந்ததுதான். பெருக்க மரம் பல பத்தாண்டுகள் நின்றாலும் பக்கத்து நிலத்தைப் பிடித்துக்கொள்வதில்லை. தானாக விதைத்து, தானாகப் பரவி, மற்றதை முளைக்கவிடாமல் செய்கிறதா என்பதுதான் கேள்வி. சவுண்டல் அதைச் செய்கிறது. மேய்ச்சலுக்கும் விறகுக்கும் என்று சமூகக் காடுகள் திட்டத்தில் ஊக்குவிக்கப்பட்ட மரம், இன்று சென்னையில் காலி மனை கிடைத்தால் முதலில் குடியேறும் மரமாகிவிட்டது.

சீமைக் கருவேலத்தைப் பற்றிப் பரவும் கதைகளுக்கு அளவே இல்லை. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும், பிராணவாயுவைக் குறைத்துவிடும், அதனால்தான் மழை இல்லை என்கிறார்கள். எல்லா மரத்தையும் போல அதுவும் வேர் வழியாகவே நீர் குடிக்கிறது, பகலில் பிராணவாயு வெளியிடுகிறது. அதன் உண்மையான பலம் மண்ணுக்கு அடியில். இதன் நெருங்கிய உறவான மெஸ்கீட் மரத்தின் வேர், அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு சுரங்கத்தில் 53 மீட்டர் ஆழத்தில் காணப்பட்டிருக்கிறது. காமராஜர் காலத்தில்தான் இது நாட்டுக்குள் வந்தது என்பதும் தவறு. சென்னை மாகாண வன அதிகாரி பெட்டோம் 1876-இல் விதை கேட்டு எழுதினார், அடுத்த ஆண்டே கடப்பைப் பகுதியில் நடப்பட்டது. காமராஜர் முதல்வரானது 1954-இல்.

இந்தக் கதைகளைத் திருத்துவதற்குக் காரணம் இருக்கிறது. பயத்தில் வெட்டுகிறவர் அவசரத்தில் வெட்டுகிறார். 2017-இல், சீமைக் கருவேலத்தை அகற்றச் சொன்ன உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவை அடுத்து மாவட்டம் மாவட்டமாக இயந்திரங்கள் இறங்கின. அதே ஆண்டு ஏப்ரலில், நிபுணர் ஆய்வு வேண்டும் என்று அந்தப் பணி இடைக்காலமாக நிறுத்தப்பட்டது. 2022-இல் தமிழக அரசு அந்நியத் தாவரங்களுக்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டபோது, அகற்றுவதோடு வாழிடத்தை மீட்பதையும் அதில் சேர்த்தது. அந்த இரண்டாம் பாதியைத்தான் நாம் மறந்துபோகிறோம்.

இனி, எல்லாரும் செய்யும் தவறுக்கு வருகிறேன். ஆளை வைத்துத் தரைமட்டமாக வெட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். சீமைக் கருவேலத்தின் உறங்கும் மொட்டுகள் தூரில், மண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கின்றன. மேலே வெட்டியதும் அவை விழித்துக்கொள்ளும். ஒற்றைத் தண்டாக இருந்த மரம் ஒரே மழையில் பல தண்டுப் புதராக எழும், அடுத்த முறை வெட்டுவது இன்னும் கடினம். கடப்பாரையால் தூரைச் சுற்றி ஒரு முழம் ஆழம் தோண்டி, மொட்டுள்ள பகுதி முழுவதையும் எடுத்தாக வேண்டும். ஆழத்து வேர் கிடந்தால் கிடக்கட்டும், அதிலிருந்து துளிர்க்காது. உண்ணிச்செடிக்கு தில்லிப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர். பாபு குழுவினர் கார்பெட் புலிகள் காப்பகத்தில் செய்துகாட்டிய முறை இருக்கிறது: ஆணிவேரை மண்ணுக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்து உலரவிடுவது. தீ வேண்டாம், மருந்து வேண்டாம், ஒரு மண்வெட்டி போதும். வேலியில் இளஞ்சிவப்புப் பூச்சரமாகத் தொங்கும் கொடி ரோஜாவுக்கு மண்ணுக்கடியில் கிழங்கு உண்டு. கொடியை அறுத்துக்கொண்டே இருந்தால் கிழங்கு சிரமப்படாமல் மறுபடி கொடி விடும்.

"அப்படியானால் ஜேசிபி வைத்து வேரோடு பிடுங்கலாமே?" திறந்த ஏரிக்கரையில் சரி. மரம் அடர்ந்த வளாகத்தில் வேண்டவே வேண்டாம். பெரிய மரத்தின் உணவு வேர்கள் மேல்மண்ணில், கிளைப் பரப்பையும் தாண்டி ஓடுகின்றன. ஒரு கருவேலத்தைப் பிடுங்கப்போய் நூறு வயது மரத்தின் வேரை அறுத்தால் அடுத்த புயலில் அது சாயும். கிளறிய மண்ணில் உறங்கிக் கிடந்த களை விதைகளும் வெளிச்சத்துக்கு வரும். உப்புக் கரைசலை ஊற்றும் யோசனை இன்னும் மோசம். உவர்நிலத்திலேயே வளரும் மரம் சீமைக் கருவேலம். உப்பால் சாவது பக்கத்திலிருக்கும் மாமரம்.

"பச்சையாகத்தானே இருக்கிறது, பறவை கூடு கட்டுகிறது, விட்டுவிடலாம்" என்பவர்களை நான் கடிந்துகொள்ள மாட்டேன். கூடு கட்டுவது உண்மை. அதனால்தான் ஒரே நாளில் மொட்டையடிக்காமல் பகுதி பகுதியாக எடுக்கச் சொல்கிறேன், கூட்டில் குஞ்சு இருக்கும் மரத்தை அப்போதைக்கு விட்டுவைத்து. ஆனால் விட்டே வைத்தால் சீமைக் கருவேலத்தின் கீழே வேறு எதுவும் முளைப்பது அரிது. இனிப்பான காயை மாடு தின்று, விதை சாணத்தோடு வேறிடத்தில் விழுந்து, முன்னை விட எளிதாக முளைக்கும்.

அகற்றிய இடத்தைப் பெருக்கிச் சுத்தமாக வைத்திருப்பது நல்லது என்ற எண்ணமும் பலருக்கு இருக்கிறது. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடையாறில் எத்தனையோ மரங்களைச் சாய்த்தது. மேலே கூரை திறந்தால் கீழே வெயில் இறங்கும், வெயில் இறங்கினால் சவுண்டல் வரும். வெற்றுத் தரையும் அப்படித்தான். நிழல்தான் இங்கே மிக மலிவான களைக்கொல்லி. இந்தக் கடற்கரைக்கு உரிய வறண்ட பசுமைமாறாக் காட்டின் மரங்களும் புதர்களும் அந்த நிழலைத் தரும்: வீரை, பாலை, காசான், காட்டு எலுமிச்சை, கிளா, காரை. மெதுவாக வளரும், ஆனால் உப்புக்காற்றைத் தாங்கும். முகத்துவாரத்து ஓடையோரம் குப்பையும் களையுமாகக் கிடந்த 58 ஏக்கர், நாட்டு மரக்கன்றுகள் நடப்பட்டு 2011-இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. என்ன நடுவது என்று தெரியாதவர்கள் அங்கே போய்ப் பார்க்கலாம்.

சிறிய வளாகம் வைத்திருப்பவர், களை குறைவாக உள்ள மூலையிலிருந்து தொடங்கி அடர்ந்த பக்கம் நோக்கி வரட்டும். காய் முற்றுவதற்கு முன் எடுங்கள், காயுள்ள கிளையை உரக்குழியில் போடாதீர்கள். கருவேல விதையும் சவுண்டல் விதையும் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஆகவே வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், மண் ஈரமாக இருக்கும்போதே, நாற்றுகளைக் கையால் பிடுங்க ஒவ்வோர் ஆண்டும் ஆள் கூலி ஒதுக்கி வையுங்கள்.