உழவு இயந்திரத்தில் மேலதிக விளக்குகளுக்கு உருகிப் பெட்டியிலிருந்து மின் எடுத்தல்

பெரும்போக மழை தொடங்கி வயல் பதம் பெற்றதும் நான்கு சக்கர உழவு இயந்திரங்கள் இரவு பகலாக ஓடத் தொடங்குகின்றன. ஈரம் நிற்கும் நாட்கள் சிலவே. ஓர் ஊரில் உள்ள இயந்திரங்களும் சிலவே. ஆதலால் இராக்காலத்தில் உழுவது விரும்பிச் செய்யுங் காரியமன்று. வேறு வழியின்மையாற் செய்வதாகும். இயந்திரத்தின் முன்விளக்குகள் பின்னால் வரும் கலப்பையைக் காட்டுவதில்லை. யானை நடமாட்டமுள்ள இடங்களில் பக்கத்திலும் பின்புறத்திலும் வெளிச்சம் இருப்பது சாரதியின் உயிருக்கே காவலாகும். எனவே கமக்காரர் பலர் மேலதிக விளக்குகளையும், 12 வோல்ற்றில் இயங்கும் மருந்து தெளிக்கும் பம்பியையும், கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் கருவியையும் தாமாகவே பூட்டிக்கொள்கின்றனர். பூட்டுவதில் தவறில்லை. மின்னை எங்கிருந்து, எவ்விதம் எடுக்கின்றோம் என்பதிலேயே நன்மையும் தீமையும் தங்கியுள்ளன.

பியூஸ் என்று நாம் வழங்கும் உருகி, விளக்கைக் காப்பதற்காக வைக்கப்பட்டது எனப் பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. உருகி காப்பது வயரை. வயரின் மேலுறை தேய்ந்து செம்பு இயந்திரத்தின் உடலைத் தொடுமாயின், பற்றரியிலிருந்து நூற்றுக்கணக்கான அம்பியர் மின் ஒரு கணத்திற் பாயும். வயர் செந்தணலாகும். உருகி இருப்பின் அது முதலில் அறுந்து ஓட்டத்தை நிறுத்திவிடும். அறுந்த உருகிக்குப் பதிலாகச் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பதும், செப்புக் கம்பியை முறுக்கி வைப்பதும் இந்தக் காவலை நீக்குவதற்குச் சமம். வைக்கோற் துரும்பும் பதரும் எண்ணெய்க் கசிவோடு சேர்ந்து படிந்திருக்கும் இயந்திரத்தில், குறிப்பாக அறுவடை இயந்திரத்தில், சூடேறிய ஒரு முழ வயர் போதும். கடன்பட்டு வாங்கிய இயந்திரமும் அதனருகே நிற்கும் விளைச்சலும் ஒருங்கே எரிந்துவிடும்.

முதலிற் கணக்கு

பூட்டப்போகும் பொருள் எத்தனை அம்பியர் இழுக்கும் என்பதை முதலில் அறிதல் வேண்டும். பொருளின் மேல் உவாற்று குறிக்கப்பட்டிருக்கும். அதை 12 ஆற் பிரித்தால் அம்பியர் வரும். 55 உவாற்று அலசன் விளக்கு ஒன்று ஏறக்குறைய 4.6 அம்பியர் இழுக்கும், இரண்டாயின் 9.2 அம்பியர். 18 உவாற்று எல்.ஈ.டி. விளக்கு இரண்டும் சேர்ந்து 3 அம்பியரே. 60 உவாற்றுத் தெளிக்கும் பம்பி 5 அம்பியர். இந்த எண்ணோடு காற்பங்கு கூட்டி, அதற்கு அடுத்த அளவான உருகியைத் தெரிந்தெடுக்க வேண்டும். அலசன் விளக்கு இரண்டிற்கு 11.5 வருவதால் 15 அம்பியர் உருகியும், எல்.ஈ.டி. இரண்டிற்கு 3.75 வருவதால் 5 அம்பியர் உருகியும் பொருந்தும்.

இயந்திரம் எவ்வளவு மின்னை உண்டாக்குகின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். பழைய இயந்திரங்களில் உள்ள டைனமோ நல்ல வேகத்தில் 20 அம்பியர் அளவே தரும். மெதுவாக ஓடும்போது அதுவும் கிடையாது. முன்விளக்குகளே அதில் ஒரு பெரும் பகுதியை எடுத்துக்கொள்ளும். இத்தகைய இயந்திரத்தில் அலசன் விளக்குகளை மேலும் மேலும் பூட்டுபவர், காலையில் இயந்திரத்தைத் தள்ளி ஓட்டுவதற்கு ஆள் தேட வேண்டியிருக்கும். விலை சற்றுக் கூடினும் எல்.ஈ.டி. விளக்குகளே உழவுக்கு உகந்தவை என்பது எமது துணிபு.

எந்த உருகியிலிருந்து எடுப்பது

உருகிப் பெட்டியின் மூடியில் ஒவ்வோர் உருகியும் எதற்குரியது என்ற விபரம் காணப்படும். மூடி தொலைந்திருந்தால் இயந்திரத்தின் கைநூலைப் பார்க்கவும். எஞ்சினை நிறுத்தும் வால்வு, எரிபொருட் பம்பி, எண்ணெய் அமுக்கம் காட்டும் கருவி, தடுப்பு விளக்கு, திரும்பு விளக்கு ஆகியவற்றின் உருகிகளைத் தொடவே கூடாது. புதிய விளக்கில் நேரும் பழுது தடுப்பு விளக்கையும் அணைத்துவிடுமாயின், இரவில் நெல் மூடைகளோடு தெருவிற் செல்லும் பெட்டிக்குப் பின்னால் வருபவர் கதி என்னாகும்? கணினி பூட்டிய புதிய இயந்திரங்களில் அதற்குரிய உருகிகளும் அவ்வாறே விலக்கத்தக்கவை. பயன்படுத்தாத வெற்றிடம் மின்னோடு இருப்பின் அதுவே சிறந்தது. இல்லையேல் ஹோர்ன், கண்ணாடி துடைப்பான், வானொலி போன்றவற்றின் உருகியைத் தெரிந்துகொள்க.

சாவி திருப்பியபோது மட்டும் மின் வரும் இடத்தையே நாடுதல் நன்று. எப்போதும் மின்னுள்ள இடத்தில் இணைத்த அலசன் விளக்கு இரண்டை மறந்து இரவு 8 மணித்தியாலம் எரியவிட்டால், 73 அம்பியர்மணி செலவாகும். 75 அம்பியர்மணிப் பற்றரி அத்துடன் வெறுமையாகும்.

உருகியின் காலில் வயரைச் சுற்றித் திரும்பச் செருகுவது பலர் கையாளும் வழி. இதனால் பிடிப்பான் அகன்று தொடுகை தளரும்; தளர்ந்த தொடுகை சூடேறி பிளாஸ்ரிக்கை உருக்கும். இதற்கென உருகித் தொடுப்பி என்னும் ஒரு சிறு கருவி வாகன உதிரிப்பாகக் கடைகளில் விற்கப்படுகின்றது. உருகியைக் கழற்றிய இடத்தில் அதனைச் செருகலாம். அதில் இரண்டு உருகிகளுக்கு இடமுண்டு. கால்களுக்கு அண்மையிலுள்ள இடத்தில் பழைய உருகியையும், மேலிடத்தில் புதிய உருகியையும் வைக்க வேண்டும். புதிய விளக்கிற்கான வயர் ஒரு பக்கத்தால் வெளிவரும். உருகிகளில் பெரியது, சிறியது எனப் பல அளவுகள் இருப்பதால், கழற்றிய உருகியைக் கையிற் கொண்டே கடைக்குச் செல்க.

இக்கருவியைச் செருகும் திசையைப் பலரும் கவனிப்பதில்லை. உருகி செல்லும் இரண்டு துளைகளில் ஒன்று பற்றரிப் பக்கம். மற்றது விளக்குப் பக்கம். உருகியைக் கழற்றி, சாவியைத் திருப்பி, சோதனை விளக்கின் ஒரு முனையை இயந்திரத்தின் உடலிற் பிடித்து மறுமுனையால் இரண்டையும் தொட்டுப் பார்த்தால், விளக்கு எரியும் பக்கமே மின் வரும் பக்கமாகும். கருவியின் இரு கால்களில், இரண்டு உருகிகளுக்கும் பொதுவான கால் அந்தப் பக்கத்தில் அமைய வேண்டும். மாறிச் செருகினாலும் விளக்கு எரியவே செய்யும். ஆயின் புதிய விளக்கின் மின்னும் பழைய உருகியின் வழியாகவே செல்வதால் அது அடிக்கடி அறும். அறுவதைக் கண்டு பெரிய உருகியை இடத் தோன்றும். கேடு அங்கேயே ஆரம்பமாகின்றது.

உருகித் தொடுப்பியால் 10 அம்பியருக்கு மேற்பட்ட உருகியைப் பயன்படுத்துதல் தகாது. தட்டையான உருகிகளில் 5 அம்பியர் இளங்கபிலம், 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. பழைய ஐரோப்பிய இயந்திரங்களிற் காணப்படும் பீங்கான் உருகிகளிலோ சிவப்பு 16 அம்பியரையும் மஞ்சள் 5 அம்பியரையும் குறிக்கும். நிறத்தை மட்டும் நம்பி மாற்றாது எண்ணையும் பார்க்க.

பாரம் கூடியவற்றிற்கு

அலசன் விளக்கு இரண்டு, பெரிய பம்பி போன்றவற்றிற்கு மின்னைப் பற்றரியிலிருந்தே நேராகக் கொணர்தல் வேண்டும். பற்றரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்திற்குள் உருகி அமைய வேண்டும். உருகிக்கு முன்னுள்ள வயருக்குக் காவல் இல்லை என்பதை நினைவிற் கொள்க. இடையில் றிலே ஒன்றைப் பூட்டுக. அதன் 30 ஆம் முனைக்குப் பற்றரியின் வயரும், 87 ஆம் முனைக்கு விளக்கின் வயரும், 86 ஆம் முனைக்குச் சுவிச்சின் வழியாக உருகிப் பெட்டியிலிருந்து எடுத்த வயரும் இணைத்து, 85 ஆம் முனையை உடலோடு தொடுக்க வேண்டும். றிலேயின் சுருள் இழுப்பது ஓர் அம்பியரின் ஐந்திலொரு பங்கிலும் குறைவாதலால் உருகிப் பெட்டிக்குப் பாரமில்லை.

வயர் விடயத்திற் சிக்கனம் பார்ப்பது வீண். வீட்டு மின்விசிறிக்குப் பயன்படும் 0.5 சதுர மில்லிமீற்றர் மெல்லிய வயரை 4 மீற்றர் தூரம் போகவும் வரவும் இட்டு 9 அம்பியரைச் செலுத்தினால், 12 வோல்ற்றில் ஏறக்குறைய இரண்டரை வோல்ற்று வழியிலேயே தொலைந்துவிடும். விளக்கு மங்கும், வயர் சுடும். 1.5 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாத, பல இழைகள் கொண்ட வாகன வயரையே வாங்குக. வீட்டுச் சுவரினுள் இடும் ஒற்றைக் கம்பி வயர் அதிர்வினால் முறிந்துவிடும். தகட்டின் துளையூடாக வயர் செல்லுமிடத்தில் இறப்பர் வளையம் இடவும். புகைக்குழாய்க்கும் கலப்பையைத் தூக்கும் கைகளுக்கும் எட்டாதவாறு கட்டுதல் வேண்டும்.

விளக்கிலிருந்து உடலுக்குச் செல்லும் வயரை நிறப்பூச்சின் மேலோ துருவின் மேலோ முடுக்கக் கூடாது. வெள்ளிரும்பு தெரியும்வரை சுரண்டி, புரியாணியால் இறுக்கி, மேலே கிறீஸ் பூசுக. சேற்று வயலில் வேலை செய்யும் இயந்திரத்தில் மங்கிய விளக்கிற்குக் காரணம் பெரும்பாலும் இந்த இணைப்பே.

டைனமோ பூட்டிய பழைய பிரித்தானிய இயந்திரங்கள் சிலவற்றில் பற்றரியின் நேர்முனையே உடலோடு தொடுக்கப்பட்டுள்ளது. இவற்றில் எல்.ஈ.டி. விளக்கைச் சாதாரண முறையில் இணைத்தால் எரியாது. தொலைபேசி மின்னேற்றி பழுதாகவும் கூடும். தடித்த வயர் உடலுக்குச் செல்லும் முனை எது என்பதைப் பற்றரியில் முதலிற் பார்த்துக்கொள்க.

சோதனை விளக்காற் பார்த்து முடிந்ததும், வயர் வேலை தொடங்குமுன் உடலோடு தொடுத்த முனையைப் பற்றரியிலிருந்து முதலிற் கழற்றி, எல்லாம் முடிந்த பின் கடைசியாகப் பூட்டுக. மற்ற முனையை முதலிற் கழற்றும்போது ஸ்பானர் இயந்திரத்தின் உடலிற் பட்டால் பொறி பறக்கும். பற்றரியிலிருந்து வெளிவரும் வாயு வெடிக்குந் தன்மையது. வேலை முடிந்ததும் விளக்கைக் கால் மணித்தியாலம் எரியவிட்டு, உருகிப் பெட்டியையும் இணைப்புகளையும் கையாற் தொட்டுப் பார்க்க. இளஞ்சூடு பொறுக்கத்தக்கது, கை வைக்க முடியாத சூடாயின் தொடுகை தளர்ந்துள்ளது. பின்புற விளக்குக்கு வேறு சுவிச்சு வைத்து, தெருவில் ஏறுமுன் அதனை அணைத்தல் வேண்டும். பின்னால் வருபவரின் கண் கூசும்.

போகம் முடிந்து கொட்டிலில் நிறுத்திய இயந்திரத்தில் எலி வயரைக் கடித்திருக்கக்கூடும். அடுத்த உழவுக்கு எடுக்குமுன் புதிய வயர் செல்லும் வழி முழுவதையும் பகல் வெளிச்சத்திற் பார்த்து, மேலுறை போன இடத்தை நாடாவாற் சுற்றாது, அந்தத் துண்டை மாற்றிவிடுக.