ஏதென்ஸ் பழைய அரண்மனை: புதுச்செவ்வியல் வடிவமும் அரசமைப்பும்

பிற ஐரோப்பிய நகரங்களில் புதுச்செவ்வியல் என்பது தொலைவிலிருந்த கிரேக்கத்தைக் கல்லில் வருவித்த முயற்சி. ஏதென்ஸில் மட்டும் அது தன் மூலத்தின் கண்ணெதிரே நிகழ வேண்டியதாயிற்று. பவேரிய மன்னர் முதலாம் லுட்விக்கின் மகன் ஓட்டோ 1833இல் பதினேழு வயதில் கிரேக்க அரசராக வந்திறங்கினார். மறு ஆண்டு தலைநகர் நாப்பிலியோவிலிருந்து ஏதென்ஸுக்கு மாறியது.

அரண்மனைக்கு இடம் தேடும்போதே சிக்கல் எழுந்தது. பெர்லின் கட்டடக்கலைஞர் ஷிங்கெல், 1834இல் அக்ரோபோலிஸ் குன்றின் மீதே அரண்மனையை வரைந்தார். பார்த்தெனான் அவ்வரைவில் அரச வளாகத்தின் ஓர் உறுப்பு. ஷிங்கெல் கிரேக்கத்தை நேரில் கண்டவர் அல்லர் என்பது இங்குக் கருதத்தக்கது. அவ்வரைவு நிறைவேறியிருப்பின், செவ்வியலைப் போற்றிய பாணியே அச்செவ்வியலைத் தன் தோட்ட அணியாக்கியிருக்கும். குன்றைத் தொல்சின்னங்களுக்கே விட்டுவிட எண்ணிய கிளென்சே, கெராமெய்கோஸ் பகுதியைப் பரிந்துரைத்தார். அதுவும் ஏற்கப்படவில்லை.

நகரின் கிழக்கு மேட்டில், கெர்ட்னரின் வரைவுப்படி 1836இல் அடிக்கல் இடப்பட்டது. மூன்று தளங்கள், நாற்புறமும் சூழ்ந்த கட்டுகள், அவற்றை ஊடறுக்கும் நடுக்கட்டு, அதனால் அமைந்த இரு முற்றங்கள் என்பது அதன் அமைப்பு. மேற்கு முகப்பில் டோரிக் தூண்கள் தாங்கும் முன்மண்டபம் தவிர அணிவேலைப்பாடு மிகக் குறைவு. படைவீட்டின் சாயல் இதற்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் பார்த்தெனானுக்கு எதிரே நின்று அலங்காரத்தில் போட்டியிடுவதைவிட இவ்வடக்கமே பொருத்தமானது.

அரச இணையர் 1843இல் இங்குக் குடியேறினர். அதே ஆண்டு செப்டம்பர் 3 அன்று, ஏதென்ஸ் படையினரும் மக்களும் இம்மேற்கு முகப்பின் முன் திரண்டு அரசமைப்புச் சட்டம் கோரினர், ஓட்டோ இணங்கினார். 1844இல் அச்சட்டம் வெளிவந்தது. அரசரின் பெருமைக்கென வகுத்த திடலுக்குச் சிந்தக்மா, அதாவது அரசமைப்பு, என்னும் பெயர் நிலைத்தது. ஓட்டோ 1862இல் அரியணை இழந்தார்.

1884, 1909 ஆகிய ஆண்டுகளின் தீவிபத்துகளுக்குப் பின் அரச குடும்பம் வேறிடம் பெயர, 1922இல் ஆசியா மைனரிலிருந்து வந்த ஏதிலியரின் துயர்துடைப்புப் பணிக்கு இக்கட்டடம் பயன்பட்டது. கிரேக்க அரசு 1929இல் இதை நாடாளுமன்றமாக்க முடிவுசெய்தது. கட்டடக்கலைஞர் கிரீசிஸ் உட்பகுதியைத் திருத்தி அவைக்கூடங்களை அமைத்தார். 1932இல் திடலை நோக்கிய பகுதியில் நிலத்தைத் தாழ்த்திப் பெயரறியாப் போர்வீரர் நினைவிடம் எழுப்பப்பட்டது. 1934இல் மேலவையும் அடுத்த ஆண்டு தேசியப் பேரவையும் இங்குக் கூடின. உள்ளே இத்தனை மாற்றம் நேர்ந்தும், கெர்ட்னர் வகுத்த மேற்கு முகப்பு பெரிதும் அவ்வாறே நிற்கிறது.