மகளுக்காகத் தீட்டிய நேர்த்திப் படம்

கர்தினால் ரிஷெலியுவின் சிவப்பு அங்கியைப் படங்களிற் கண்டவர்கள் பலர். அதைத் தீட்டியவர் பிலிப் த ஷம்பேஞ். 1602 இல் பிரசல்ஸ் நகரிற் பிறந்து, 1621 இல் பரிசுக்கு வந்து, அரச குடும்பத்தின் ஓவியரானவர். உரோமையிற் சிற்பி ஒருவர் சிலை செதுக்குவதற்காக, கர்தினாலின் முகத்தை நேராகவும் இரு பக்கவாட்டிலுமாக ஒரே படத்தில் மூன்று முறை வரைந்தவரும் இவரே. ஆனால் இவருடைய பெயரை நிலைநிறுத்துவது அந்தப் பட்டாடைகள் அல்ல என்பது எமது எண்ணம்.

1638 இல் மனைவியை இழந்தார். பின் ஒரே மகனும் விபத்தில் இறந்தான். பிள்ளைகளில் எஞ்சிய மகள் கத்தரின் 1657 இல் போர்-ரோயல் கன்னியர் மடத்தில் வார்த்தைப்பாடு கொடுத்தாள். 1660 இல் அவளைக் காய்ச்சல் பற்றிக்கொண்டது. உடலின் ஒரு பாதி ஏறக்குறைய அசைவற்றுப் போனது. பதினான்கு மாதங்கள்! வைத்தியர்கள் கைவிட்டனர். தாய் ஆக்னெஸ் ஆர்னோ அவளுக்காக நவநாள் செபத்தைத் தொடங்கினார். 1662 சனவரி 6, மூவிராசாக்கள் திருநாளன்று அது நிறைவெய்தியது. மறுநாள் கத்தரின் எழுந்து நடந்தாள்.

நேர்த்திக்கடன் என்பது எமது வாசகருக்குப் புதிதல்ல. தகப்பனார் தமது நேர்த்தியைத் தூரிகையால் செலுத்தினார். அப்படம் இன்று லூவர் நூதனசாலையில் உள்ளது. அதிலே சம்மனசு இல்லை, மேகம் இல்லை, நடந்து காட்டும் மகளும் இல்லை. வெடிப்பு விழுந்த சாம்பல் நிறச் சுவர். அதிலே ஒரு மரச்சிலுவை. கால்களை நீட்டி நாற்காலியிற் சாய்ந்திருக்கும் கத்தரின். அருகே முழந்தாளில் தாய் ஆக்னெஸ். இருவருடைய மார்பிலும் உள்ள செஞ்சிலுவையைத் தவிர வேறு நிறமே இல்லை எனலாம். மேலிருந்து ஓர் ஒளிக்கீற்று இருவருக்குமிடையே இறங்குகிறது. குணம் கிடைத்த நேரத்தையல்ல, அதற்கு முன், செபிக்கையில் தாய் ஆக்னெசின் உள்ளத்தில் நம்பிக்கை பிறந்த நேரத்தையே அவர் தெரிந்துகொண்டார். ஆன்மாவுக்கும் உடலுக்கும் ஒரே வைத்தியராகிய கிறிஸ்துவுக்கே படத்தை ஒப்புக்கொடுத்து, இலத்தீனில் எழுதியும் வைத்தார்.

இங்கு ஒன்றை மறைத்தல் தகாது. அம்மடம் அந்நாளில் திருச்சபையோடு முரண்பட்டு நின்றது. ஜன்செனியக் கொள்கையின் ஐந்து கூற்றுகளைப் பத்தாம் இன்னசென்ட் பாப்பரசர் 1653 இல் கண்டனம் செய்திருந்தார். அதை ஏற்றுக் கையொப்பமிடுமாறு கேட்டபோது கன்னியர் நிபந்தனையின்றி ஒப்பமிட மறுத்தனர். 1664 இல் பரிஸ் பேராயர் அவர்களுக்குத் தேவநற்கருணையைத் தடைசெய்து, தாய் ஆக்னெஸ் உட்படச் சிலரை வேறு மடங்களுக்கு அனுப்பினார். கோட்பாட்டில் திருச்சபையின் தீர்ப்புச் சரியானதே. எனினும் மகளின் கட்டிலருகே முழந்தாளிட்ட அந்த மூதாட்டியின் செபம் பொய்யென்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. ஓவியரும் அவர்களைக் கைவிடவில்லை.

1669 இல் சமாதானம் உண்டாகி, தடை நீங்கியது. ஓவியர் 1674 இல் பரிசில் மரித்தார். நாட்டுப்புறத்திலிருந்த பழைய போர்-ரோயல் மடத்தை 1709 இல் அரசன் கலைத்தான். பின்னர் அதன் கட்டிடங்களும் இடிக்கப்பட்டன.